நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்: குடும்பக் கடையின் வரலாற்றை எழுத ஒரு வழி

எங்கள் மரச்சாமான் கடையின் கதையை எழுதி முடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அதில் முதல் எட்டு மாதம் வீண். எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: நோட்டும் பேனாவுமாகப் பெரியவர்கள் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"பெரியப்பா, கடை எந்த வருஷம் ஆரம்பிச்சது?"

"அது ஆச்சும்மா ரொம்ப வருஷம்."

"ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தியா?"

"முந்தித்தான்."

"எவ்வளவு முந்தி?"

"நிறைய முந்தி."

அப்புறம் டீ வந்தது. அன்றைக்கு அவ்வளவுதான்.

எங்கள் ஊர் பர்மாவில், அதாவது இன்றைய மியான்மரில், இருக்கிற தட்டோன். பெகுவிலிருந்து மார்ட்டபானுக்கு 1907-இல் ரயில் போட்டார்களே, அந்தப் பாதையில் இருக்கிறது. ஒரு காலத்தில் மோன் இனத்து ராஜாக்கள் ஆண்ட ஊர், இப்போது சின்ன ஊர். சால்வின் ஆற்றில் மிதந்து வந்த தேக்கெல்லாம் மோல்மேன் துறைமுகத்தில் சேரும். தாத்தா அங்கே போய் அறுத்த பலகையாக வாங்கி, படகில் இக்கரை மார்ட்டபானுக்குக் கொண்டு வந்து, ரயிலில் ஏற்றி ஊருக்குக் கொண்டு வருவாராம். நாற்காலி, கட்டில், அலமாரி, கோயிலுக்குக் குதிரை வாகனம் என்று எல்லாம் செய்திருக்கிறார்கள். நான் உளி பிடித்தவள் இல்லை. முப்பது வருஷம் கடைக்குக் கணக்கு எழுதியவள். அதனால்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கடை இருந்திருந்தால், அதன் கதையை எழுத வேண்டும் என்று நினைத்தால், நான் வீணாக்கிய எட்டு மாதத்தை நீங்கள் வீணாக்க வேண்டாம். ஆட்களிடம் ஆரம்பிக்காதீர்கள், விற்ற சரக்கிடம் ஆரம்பியுங்கள். அரிசிக் கடைக்காரருக்கும் துணிக் கடைக்காரருக்கும் இந்த வசதி கிடையாது. மரச்சாமான் மட்டும்தான் விற்று எண்பது வருஷம் கழித்தும் அதே ஊரில் நின்றுகொண்டிருக்கும்.

இது எனக்குத் தானாகத் தோன்றிய யோசனை இல்லை. பக்கத்து வீட்டு பர்மியப் பெரியவர் இறந்து ஏழாம் நாள், புத்த மடத்தில் சோறு போட்டார்கள். நாங்களும் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து கூட்டுவதற்காக நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரு நாற்காலியின் அடிச்சட்டத்தில் ஏதோ கிறுக்கல் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். பென்சிலில் ஒரு பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே '௬-ல் ௪'. ஆறில் நாலாவது. நாலுக்கு அந்த நீண்ட வால் போடுவது எங்கள் தாத்தாவின் கை, கோயில் கணக்கில் பார்த்திருக்கிறேன். அத்தனை வருஷமாகச் சயாடோ, அதாவது மடத்துத் தலைமைத் துறவி, பிள்ளையார் சுழிமேல் உட்கார்ந்து வந்திருக்கிறார், அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

ஆகவே முதல் வேலை, உங்கள் கடைச் சாமான் ஊரில் எங்கெங்கே இருக்கும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். மடங்கள், பகோடா மண்டபம், பள்ளிக்கூடம், கோயில் மடப்பள்ளி, பழைய வாடிக்கையாளர் வீட்டுப் படுக்கையறை. மடத்தை முதலில் வையுங்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. பர்மாவில் மடத்துக்கு எதைத் தானம் கொடுத்தாலும் கொடுத்தவர் பெயரையும் வருஷத்தையும் அதிலேயே எழுதிவிடுவார்கள். கடிகாரம், மின்விசிறி, பெஞ்சு எதுவும் தப்பாது. நம் வீட்டு நாற்காலியில் தேதி இருக்காது. மடத்து நாற்காலியில் இருக்கும்.

அந்த வருஷம் பர்மிய ஆண்டாக இருக்கும். நான் பார்த்த நாற்காலியின் முதுகில் மஞ்சள் பெயின்ட்டில் 1298 என்றிருந்தது. இதோடு 638-ஐக் கூட்டினால் 1936. ஆனால் பர்மிய வருஷமும் நம் சித்திரை மாதிரி ஏப்ரல் நடுவில்தான் பிறக்கிறது. ஜனவரியிலிருந்து அதுவரைக்கும் உள்ள மாதமாக இருந்தால் 639 கூட்ட வேண்டும். மாதப் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் நாற்காலியில் தசாங்மோன் என்று இருந்தது, அதாவது நவம்பர் வாக்கில். மழைக்கால விரதம் முடிந்து கதின தானம், அதாவது துறவிகளுக்குக் காவியுடை, கொடுக்கிற சமயம்.

மடத்துக்குப் போகும்போது கேட்டுவிட்டுப் போங்கள். செருப்பை வெளியே விடுங்கள். சயாடோ உட்காரும் இருக்கையை நீங்களே புரட்டாதீர்கள், பெண்கள் கட்டாயம் வேண்டாம். மடத்தில் கப்பியா, அதாவது துறவிகளுக்கு ஒத்தாசை செய்கிற இல்லறத்தார், ஒருவர் இருப்பார், அவரைப் புரட்டச் சொல்லுங்கள். எங்கள் கப்பியாவுக்கு நான் எதற்கு அலைகிறேன் என்பது புரிய ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகு அவரே மற்ற மடங்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

பென்சில் எழுத்தைப் படிக்க: ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பாலிஷ் போட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். காய்ந்த பிரஷ் ஒன்று போதும். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பலகையோடு பலகையாகப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடியுங்கள், பென்சில் அழுந்திய தடம் மேடு பள்ளமாகத் தெரியும். அப்போது ஒருவர் டார்ச்சைப் பிடிக்க இன்னொருவர் போனில் படம் எடுக்க வேண்டும். கூடவே ஒரு முழுப் படம், அளவு, எந்த வீடு என்பது. அளவை அங்குலத்தில் எழுதுங்கள், நம் ஆசாரிகளுக்கு அதுதான் பேசும்.

மரத்தைப் படிப்பது

இதை ஓரளவு கற்றுக்கொள்ளாமல் முடியாது. ஊரில் ஒரு வயதான லெத்தமாவைப் பிடித்து இரண்டு நாள் கூடச் சுற்றுங்கள். லெத்தமா என்றால் தச்சர், பர்மிய வார்த்தை, நாங்கள் தமிழ் பேசும்போதும் அப்படித்தான் சொல்கிறோம். தேக்கைத் தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், தெரியாத மூலையில் சுரண்டினால் தோல் பதனிட்டது போல ஒரு வாசனை வரும். படாக் சிவந்திருக்கும், கனம் அதிகம். பிங்காடோ இன்னும் கனம், தண்ணீரில் போட்டால் மூழ்கும். ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கட்டையாகப் போட்டது அதைத்தான். அதில் நாற்காலி செய்தால் வீட்டில் ஒருவர் தனியாகத் தூக்கக் கஷ்டப்படுவார்.

இதில் நான் விழுந்த ஒரு குழியைச் சொல்கிறேன். தாத்தாவின் கணக்கில் அங்கங்கே 'வேங்கைப் பலகை' என்று வருகிறது. தமிழ்நாட்டு வேங்கையைக் கப்பலில் வரவழைத்திருக்கிறார் என்று நினைத்து அரைப் பக்கம் உருக்கமாக எழுதியும்விட்டேன். லெத்தமா சிரித்தார். படாக்கும் வேங்கையும் நெருங்கிய சொந்தம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த மனுஷர் பார்த்த மரத்துக்குத் தெரிந்த பெயரை எழுதியிருக்கிறார். பிங்காடோவையும் அதே மாதிரி 'இருள்' என்றுதான் எழுதியிருந்தார். பழைய கணக்கில் வருகிற பெயர்களை அப்படியே நம்பாமல், அந்தச் சாமானையே ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடுங்கள். அரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

மரத்தின் வயதும் சாமானின் வயதும் ஒன்றில்லை. அந்தக் காலத்தில் நிற்கும் தேக்கைச் சுற்றிப் பட்டை வெட்டிச் சாகவிட்டு, இரண்டு மூன்று வருஷம் காயவைத்துத்தான் வெட்டுவார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. அப்புறம் யானை, ஓடை, வெள்ளம் என்று அது மோல்மேன் வந்து சேர இன்னும் சில மழைக்காலம். கட்டையின் முனையில் கம்பெனிக்காரர்கள் சுத்தியலால் முத்திரை அடிப்பார்கள். அது பலகையில் மிஞ்சியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு தேக்கு வியாபாரம் அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது. எங்கள் கடையில் புதுத் தேக்கு மெல்லக் குறைந்து, இடித்த வீடுகளின் பழைய தேக்கு வந்தது. பீரோவின் முதுகுப் பலகையில் சம்பந்தமில்லாத ஆணித்துளைகள், கதவு கீல் வைத்த பள்ளம் இருந்தால் அது அப்பா காலத்துச் சாமான். முன்பக்கம் மட்டும் தேக்கும் உள்ளே மட்ட மரமும் இருந்தால் அதுவும் அப்பா காலம். இது எங்கள் கடைக் கணக்கு, உங்கள் கடையில் வேறாக இருக்கலாம். நட்சத்திரத் தலை ஸ்குரூவைப் பார்த்துவிட்டு 'இது புதுசு' என்று தள்ளிவிடாதீர்கள், பின்னாளில் யாராவது பழுது பார்த்திருப்பார்கள். ஒரு சாமானுக்கு மூன்று நாலு அடையாளம் ஒத்துப்போனால்தான் காலம் சொல்ல வேண்டும்.

நாற்காலி என்றதும் ஒன்று. பர்மிய மொழியில் நாற்காலிக்குக் 'கலாதைங்' என்று பெயர். கலா என்றால் மேற்கேயிருந்து வந்தவன், அதாவது நாம். தைங் என்றால் உட்கார். தரையில் பாய் போட்டு உட்கார்ந்த ஊரில், இந்த உயரமான சாமான் வந்தவன் உட்காருகிற முறை. கலா என்று தெருவில் கூப்பிட்டால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று இருக்கும். ஆனால் நாற்காலி வியாபாரம் செய்த குடும்பம் அந்த வார்த்தையைச் சொல்லாமல் எப்படி விற்றிருக்க முடியும்? அப்பா ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்பார்.

கணக்குப் புத்தகம்

கிடைத்தால் அதிர்ஷ்டம். எங்களுக்கு ஒன்றே ஒன்று கிடைத்தது, அதுவும் திருச்சியில். 1964-க்குப் பிறகு கப்பலேறிய அத்தையின் டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் விரித்துப் போட்டிருந்தார். நம்மில் பாதிக் குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, மறக்காதீர்கள். பர்மா காலனி என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற எல்லா ஊரிலும் உங்கள் சொந்தம் ஒன்று இருக்கும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே கரண்டும் இன்டர்நெட்டும் ஒரே நேரத்தில் இருக்கிற நாளில் வந்து சேரும்.

படிக்கும்போது முதலில் தமிழ் எண்களுக்கு ஒரு அட்டை எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ௧ முதல் ௯ வரை, பத்துக்கு ௰, நூறுக்கு ௱. தொகையில் அணாவும் பையும் வந்தால் பெரும்பாலும் 1952-க்கு முந்திய கணக்கு. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஒரு அணாவுக்குப் பன்னிரண்டு பை. 1952-இல் கியாட் வந்தது, நூறு பியா ஒரு கியாட். ரூபாயும் கியாட்டும் அன்றைக்குச் சரிக்குச் சரி என்பதால் விலை திடீரென்று ஏறியதாகவோ இறங்கியதாகவோ தெரியாது, சில்லறைதான் மாறும்.

வருஷத்தில்தான் ஏமாறுவோம். தாத்தா ஆங்கில வருஷம் எழுதவே இல்லை, 'தாது வருஷம் ஆவணி' என்றுதான் எழுதினார். தாது என்றதும் நம்மவர்களுக்குப் பஞ்சம் ஞாபகம் வரும், அது 1876. அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு என் தம்பி, நம் கடைக்கு நூற்றைம்பது வயசு என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டான். அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்ப வருகிறது. 1876-க்குப் பிறகு 1936, அதற்குப் பிறகு 1996. எது என்று முடிவு செய்ய வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். எங்களுக்கு நாற்காலிதான் சாட்சி. ஆவணிப் பக்கத்தில் ஒரு வரி: 'மடத்து நாற்காலி ௬, பிரம்பு பின்னி'. நாற்காலியின் முதுகில் 1298 தசாங்மோன். ஆவணியில் சொல்லி வைத்துக் கதினத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். 1936, சந்தேகமே இல்லை.

பெரியப்பா 1920 என்று இருக்க வேண்டும் என்றார். இருக்கலாம், ஆனால் கையில் இருப்பது 1936. நான் '1936-இல் கடை நடந்துகொண்டிருந்தது' என்று மட்டும் எழுதினேன். ஒரு மாதம் பேசாமல் இருந்தார். போர்டில் 'ஸ்தாபிதம் 1920' என்று எழுதிக்கொள்ளட்டும், வரலாற்றில் வேண்டாம்.

இனிமேல் ஆட்களிடம் போகலாம்

சாமானின் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதே பெரியப்பா, மடத்து நாற்காலியின் படத்தை மடியில் வைத்ததும் இரண்டு மணி நேரம் பேசினார். "இந்தக் கடைசல் காலு நம்ம அப்பா கடைஞ்சது இல்ல. அவருக்குக் கடைசல் வராது. மோன்காரர் ஒருத்தர் இருந்தாரு, அவரு கை." அந்த மோன் மேஸ்திரியைப் பற்றி எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பேசியதே இல்லை. குடும்ப வரலாறு என்றால் முதலாளி பெயர் மட்டும்தான் வருகிறது. பட்டறையில் மோன்காரர், பர்மியர், கரேன்காரர் எல்லாம் வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கும் போங்கள்.

நான் போனேன். மேஸ்திரியின் பேத்தி வீட்டில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு இழைப்புளியைக் கொண்டு வந்தாள். கைப்பிடி தேய்ந்து கட்டைவிரல் பதிகிற பள்ளமே விழுந்திருந்தது. பக்கத்தில் உளியால் வெட்டிய ஒரு 'க'. எங்கள் கடையின் முதல் எழுத்து. 1942 ஜனவரி கடைசியில் மோல்மேன் விழுந்தது, பிப்ரவரி 23-இல் சித்தாங் பாலத்தைத் தகர்த்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்துக்கு இந்தியாவுக்கு நடக்கிற வழி போய்விட்டது, ரப்பர் தோட்டத்தில் ஒளிந்துகொண்டார்கள். அந்த மூன்று வருஷமும் எங்கள் பட்டறையின் தச்சுக் கருவிகளை எல்லாம் தன் வீட்டுக்கு அடியில் புதைத்து வைத்துக் காப்பாற்றியவர் அவர். திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

"எந்த வருஷம்?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். "அப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? எந்த வீட்ல இருந்தீங்க?" என்று கேளுங்கள். பர்மாவில் இன்னொரு வழியும் இருக்கிறது: செல்லாத நோட்டு. எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், ஆனால் அது ஒரு தடவை நடக்கவில்லை. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் போயின. 1985 நவம்பரில் மறுபடியும் 50, 100. 1987 செப்டம்பரில் 25, 35, 75. ஆகவே "எந்த நோட்டு?" என்று கேளுங்கள். 35, 75 என்றால் சந்தேகமில்லாமல் 1987. 50, 100 என்றால், அது கடைகள் அரசுடைமை ஆன சமயமா என்று கேட்டால் பிரிந்துவிடும். 1964 மார்ச்சில் ரங்கூனிலும் ஏப்ரலில் மற்ற ஊர்களிலும் கடைகளை எடுத்தார்கள். எங்களுக்குச் சித்திரை பிறக்கச் சில நாள் இருக்கும்போது. வந்தவர்கள் சாமான்களை எண்ணி எழுதிக்கொண்டு சாவியை வாங்கிப் போனார்கள். முன்கடை போய்விட்டது, தாத்தா வீட்டுத் திண்ணையில் பழுது வேலை பார்க்க ஆரம்பித்தார்.

1964 பற்றிப் பேசும்போது பெரியவர்கள் நடுவில் நிறுத்திவிடுவார்கள். விட்டுவிடுங்கள். அத்தை அதைப் பற்றி இன்றுவரை ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லியிருக்கிறார்: "என் கல்யாணத்துக்குச் செஞ்ச கட்டிலும் அந்தக் கணக்குல போச்சு." அதை அப்படியே போட்டேன்.

ஒரே சம்பவத்துக்கு இரண்டு கதை வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 1987-இல் ஒரு கல்யாணப் பீரோவுக்கு அப்பா முன்பணம் வாங்கியிருந்தார், எல்லாம் 75 கியாட் நோட்டு. மாற்றித் தரவும் இல்லை, அத்தனையும் காகிதம். அப்பா சொன்ன கதை: வாக்குக் கொடுத்தாச்சு என்று சொந்தக் காசில் செய்து கொடுத்தேன். பீரோ வாங்கிய வீட்டு அம்மா சொன்னது: "உங்க அப்பா செஞ்சு குடுத்தாரு, உண்மைதான். ஆனா நாங்க அடுத்த அறுப்புல நெல்லு கொண்டு வந்து போட்டோமே, அதைச் சொல்லலையா?" அப்பா சொல்லவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து எழுதினேன். அந்தப் பீரோ இன்னும் அங்கேதான் நிற்கிறது, கீழ்த் தட்டில் ஒரு விரிசல், மற்றபடி கதவு நன்றாக மூடுகிறது.

எழுதும்போது

சாமானை வரிசையாக வைத்து எழுதினால் எளிது. வருஷ வரிசையில் எழுத ஆரம்பித்தால் தெரியாத வருஷங்கள் உறுத்திக்கொண்டே இருக்கும். ஒரு சாமானுக்கு இரண்டு பக்கம்: படம், அளவு, மரம், செய்தவர், வாங்கியவர், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த கதை. நான் பதினேழு சாமானுக்கு எழுதினேன்.

குடியுரிமை அட்டை, நிலப் பத்திரம் இவற்றின் படங்களைப் போடாதீர்கள், எண்ணையும் எழுதாதீர்கள். உயிரோடு இருப்பவர் பெயரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். வேண்டாம் என்றால் 'மோல்மேன் சித்தப்பா' என்று போட்டால் போதும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தமிழில் எழுதிய கையோடு பர்மிய மொழியிலும் ஒரு பிரதி எழுதி வையுங்கள். என் பையன் தமிழ் பேசுவான், கோயில் பள்ளிக்கூடத்தில் எழுத்தும் கற்றான், ஆனால் நாற்பது பக்கம் படிக்கப் பொறுமை கிடையாது. மேஸ்திரியின் பேத்திக்கும் கப்பியாவுக்கும் பர்மியப் பிரதிதான். அச்சகம் எல்லாம் வேண்டாம், ஜெராக்ஸ் எடுத்துத் தைத்தால் போதும். நான் பதினைந்து எடுத்தேன்.

மடத்துக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். சயாடோ படங்களைப் புரட்டிப் பார்த்தார். நாலாவது நாற்காலியின் படத்தில் விரலை வைத்து, இதன் பிரம்பு அறுந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது, பின்னத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் யாராவது இன்னும் இருக்கிறார்களா என்று கேட்டார். இப்போது அது எங்கள் திண்ணையில் கவிழ்ந்து கிடக்கிறது. மோல்மேனிலிருந்து பிரம்பு வர வேண்டும். பின்னி முடித்ததும் அடியில், பழைய எழுத்தின்மேல் படாமல், பழுது பார்த்த தேதியைப் பென்சிலில் எழுதச் சொல்லியிருக்கிறேன். எந்த வருஷக் கணக்கில் எழுதுவது என்று பையன் கேட்கிறான். மூன்றிலும் எழுது, இடம் இருக்கிறது என்றேன்.